பந்து தீட்டுப்படவில்லை!

மதத்தின் பெயரால் கட்சி கட்டிக்கொண்டு பந்தாடிய காலம் ஒன்று இந்நாட்டிலே இருந்தது. பம்பாய் நகரில் ஐரோப்பியரும் பார்சிகளும் ஆடிவந்த கிரிக்கெட் போட்டியிலே, 1907-ல் இந்துக்களும் 1912-ல் முஸ்லிம்களும் சேர்ந்தனர். தோற்ற அணி வெளியேறும். வென்ற அணி இறுதியாட்டம் செல்லும். இதுவே ‘குவாட்ராங்குலர்’ என்று புகழ்பெற்ற நாற்புறப் போட்டி. இப்போட்டியின் வரலாற்றில் 1920-ம் ஆண்டு தனித்து நிற்கிறது. அவ்வாண்டு, ‘இந்து’ என்று பெயர் பூண்ட அணிக்குள்ளேயே ஒரு போர் மூண்டது!

அப்போரின் நாயகன் பல்வங்கர் பாலு. தார்வாரில் பிறந்தவர், தோல் தொழில் செய்யும் சமார் வகுப்பினர், ‘தீண்டத்தகாதவர்’ என்று ஒதுக்கப்பட்டவர். பூனா நகரத்து வெள்ளையர் கிளப்பிலே ஆடுகளத்துக்கு உருளை உருட்டி, கோடு போட்டு, மாதம் நான்கு ரூபாய் பெற்ற வேலையாள். வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்திலே இணையற்றவரானார்.

வெள்ளையரை வெல்லத் துடித்த பூனா இந்துக்கள் அவரை அழைத்தனர். களத்திலே அவர் வீசிய பந்தை உயர்சாதிக் கைகள் தயங்காது பிடித்தன. ஆனால் தேநீர் வேளையிலே? அவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை; பாலுவுக்கு வெளியே மண்குவளை, குடித்தபின் எறிந்துவிட! உணவுக்கும் தனியிடம். பந்து தீட்டுப்படவில்லையாம், பாத்திரம் தீட்டுப்படுமாம்! இதற்கு எந்தச் சாத்திரத்திலே விளக்கம் உண்டு? சேரன்மாதேவிக் குருகுலத்துத் தனிப்பந்தியை 1925-ல் நாடறிந்தது. அதன் மூத்த உடன்பிறப்பு இது.

சென்னைச் சேப்பாக்கத்திலே வெள்ளையர் பெவிலியனிலும் இந்திய ஆட்டக்காரர் மரத்தடியிலும் இருந்த இழிவைப் பொறாமல், புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைட்டெட் கிளப் கண்டார். வெள்ளையன் வெளியே நிறுத்தினால் அவமானம். நாமே நம்மவனை வெளியே நிறுத்தினால் ஆசாரம்! நல்ல நியாயம்!

1906-ல் இந்துக்கள் 109 ரன்களில் ஐரோப்பியரை வென்றபோது அதிலே பாலுவின் பங்கு பெரிது. 1911-ல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியிலே 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். தம்பியர் சிவராம், விட்டல், கண்பத் மூவரும் சிறந்த ஆட்டக்காரர்களாயினர். எனினும் தலைமைப் பதவி மட்டும் பாலுவை நெருங்கவில்லை. 1913-ல் தலைவராயிருந்த பை, பார்ப்பன வகுப்பினர். அவரே, இப்பெருமை பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். கேட்கத்தான் ஆளில்லை.

வந்தது 1920 டிசம்பர். காங்கிரசு நாகபுரியிலே கூடித் தீண்டாமை ஒழிப்பைப் பேசிய அதே மாதம்! பை நோயுற்றார். பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமை தியோதருக்குத் தரப்பட்டது. பாலுவுக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது என்று வாதிக்கலாம். அப்படியானால் தியோதருக்கு மூத்த ஆட்டக்காரரான விட்டலுக்கு என்ன குறை? வயதல்ல, வகுப்பே தடை!

விட்டலும் சிவராமும் கெஞ்சவில்லை, விண்ணப்பம் போடவில்லை. சாதியே காரணம் என்று பகிரங்கமாக அறிவித்து அணியைவிட்டு விலகினர். நிர்வாகிகள் நெருக்கடிக்கு உள்ளாயினர். பார்சிகளுடன் நடந்த இறுதியாட்டத்துக்கு, நலம்பெற்ற பை தலைவராகத் திரும்பினார், பாலு துணைத்தலைவரானார், தம்பியரும் திரும்பினர். ஆட்டத்தின் இடையிலே பை தாமாகவே களத்தைவிட்டு வெளியேறிப் பாலு தலைமையேற்க வழிவிட்டார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆனால் உருளை உருட்டிய கை, அணியை நடத்திவிட்டது!

அந்த விதையின் விளைச்சலை 1923-ல் கண்டனர். விட்டல் முழுத் தலைவரானார். இறுதியாட்டத்திலே ஐரோப்பியர் தோற்றனர். தலைவரை மக்கள் தோளிலே சுமந்தனர். தொட்டால் தீட்டு என்றார்களே, அந்த உடலைத் தோளிலே தூக்கினார்கள்! வானம் இடிந்ததா? மழை பொய்த்ததா?

ஒரு வெற்றியால் சாதி சாய்ந்துவிடவில்லை. 1924-ல் வைக்கத்துத் தெருவிலே நடக்கவும், 1927-ல் மகத் குளத்திலே நீர் மொள்ளவும் போராடவேண்டியிருந்தது. மதவாரியாக அணி பிரித்த அப்போட்டியும் 1946 வரை நீடித்தது. எனினும் ஒன்று தெளிவாகிறது. 1920-க்கும் 1923-க்கும் இடையே சாத்திரம் மாறவில்லை. கடவுள் கனவிலே வந்து கட்டளையிடவில்லை. பாலுவின் திறமை இருபதாண்டு கதவைத் தட்டியது, திறக்கவில்லை. தம்பியர் “உமக்கு ஆடமாட்டோம்” என்றனர், திறந்தது!

வேலப்பன்சாவடித் திடலிலே பந்தாடும் மாணவர்க்கும், மன்றங்களிலே அணி அமைக்கும் இளைஞர்க்கும் என் வேண்டுகோள் இதுதான்: ஆட்டம் முடிந்ததும் கெலிப்புக் கணக்கை மட்டும் பாராதீர். தண்ணீர்க் குவளை எத்தனை, யார் எதில் குடிக்கிறார், களத்தைச் சீர்செய்தவன் பெயர் ஆட்டக்காரர் பட்டியலிலே உண்டா என்றும் பாருங்கள். உண்மையான ஆட்டக் கணக்கு அதுவே!