பறக்கும் யானைக் கன்றும் போர்க்கால அமெரிக்கச் சமுதாயமும்

ஒரு காலத்தின் இயல்பை அறிதற்கு அரசாணைகளும் போர்க்குறிப்புகளுமே சான்றாவன என்று கருதுதல் பொருந்தாது. சிறார்க்கென ஆக்கப்பட்ட கதைகளும் தம் காலத்து அச்சத்தையும் அவாவையும் பதிவு செய்துவிடுகின்றன. இவ்வகையில், வால்ட் டிஸ்னியின் 'டம்போ' என்னும் இசைச் சித்திரப்படம் ஆராய்தற்குரியது. பெருங்காதுகளால் எள்ளப்பட்ட யானைக் கன்றொன்று, அக்காதுகளையே சிறகாக்கிப் பறப்பது அதன் கதை. படம் வெளிவந்தது 1941 அக்டோபர் 23. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது அவ்வாண்டு டிசம்பர் 7. ஆதலின், போரின் வாயிலில் நின்ற அமெரிக்காவை இதன்கண் காணலாம்.

படத்தின் உருவமே போரால் அமைந்தது எனலாம். ஐரோப்பியச் சந்தை அடைபட்டமையின், 1940-இல் வெளிவந்த 'பினோக்கியோ', 'பேன்டேசியா' ஆகிய இரண்டும் நிறுவனத்திற்குப் பேரிழப்பைத் தந்தன. ஆகவே 'டம்போ' குறைந்த செலவில், எளிய கோடுகளும் நீர்வண்ணப் பின்னணியும் கொண்டு, 64 நிமிட அளவில் முடிக்கப்பெற்றது.

இனி, தொழிலாளர் நிலையைக் காண்போம். படம் உருவாகி வந்த காலத்தில், 1941 மே 29-இல், அந்நிறுவனத்து ஓவியர் வேலைநிறுத்தம் தொடங்கினர். படத்தில் கோமாளிகள், கூடாரத்துள் நிழலுருக்களாய் நின்று, முதலாளியிடம் ஊதிய உயர்வு கேட்கப் புறப்படுகின்றனர். இது வேலைநிறுத்தக்காரரை நையாண்டி செய்வதென ஆய்வாளர் பலர் கருதுவர். கொட்டும் மழையில் இரவெல்லாம் கூடாரம் நாட்டும் கறுப்பினத் தொழிலாளர்க்கோ முகமே வரையப்படவில்லை. காக்கைத் தலைவனுக்கு, இனப்பிரிவினைச் சட்டங்களைக் குறிக்கும் 'ஜிம் குரோ' என்னும் பெயரையே ஆக்கியோர் சூட்டினர். அதற்குக் குரல் தந்தவரோ வெள்ளையர். பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை காட்டலாகாது என்னும் 8802-ஆம் ஆணையைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941 ஜூன் 25-இல் பிறப்பித்தார். பிலிப் ராண்டால்ஃப் முதலியோர் வாஷிங்டன் நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்த பின்னரே அவ்வாணை பிறந்தது. சட்டம் காணத் தொடங்கிய முகத்தைத் திரை காண மறுத்தது என்க.

யாவற்றினும் நுண்ணியது இறுதிப் பகுதி. கன்று பறந்ததும் செய்தித்தாள் தலைப்புகள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று, நாட்டுக் காவலுக்கென டம்போவின் பெயரால் அமைந்த குண்டுவீச்சு விமானங்களைப் பற்றியது. நேற்றுவரை குறையெனப்பட்ட காது, இன்று படைக்கலத்தின் சிறகாகின்றது. 1940 செப்டம்பரில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் நிறைவேற்றிய நாட்டில் இத்தலைப்பு தற்செயலானது எனல் அரிது.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரலாற்று நிகழ்ச்சியை நேர்நிறுத்துதல் ஆய்வு நெறியன்று என்று கூறுவார் உளர். அக்கூற்று ஏற்புடையதே. கதை நாளேடன்று. ஆயினும் கதையின் போக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. கன்றைத் தம் இனத்தினின்றே விலக்கிய மூத்த யானைகள், அது புகழெய்திய பின்னரே அதனைப் போற்றுகின்றன. பறக்கக் கற்பித்த காக்கைகளோ இரயிலில் ஏறவில்லை. பின்தங்கி நின்று விடைகொடுக்கின்றன. பயன்பட்டாரை ஏற்பதும், உதவினாரைப் புறத்தே நிறுத்துவதும் அச்சமுதாயத்தின் இயல்பாயின. பயன் நோக்காது கன்றை அணைத்தவள் தாய் ஒருத்தியே. அவளையன்றோ முன்னர்ப் பித்தேறியவளெனச் சிறையிட்டனர்! போர்க்காலத்தை ஆராய்வார் உளங்கொள்ளத்தக்கது இம்முரணே.