கெல்ம்ஸ்காட்டின் கல்மனை

வரலாறு கோட்டைகளையும் அரண்மனைகளையும் போற்றும். உழவர் வாழ்ந்த இல்லத்தைப் போற்றுவது அரிது. அவ்வரிய பேறு பெற்ற மனை ஒன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் ஆற்றை ஒட்டிய கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில் உள்ளது.

ஏறத்தாழ 1600-இல் டர்னர் என்னும் உழவர் குடும்பத்தார் இதனை அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பினர். கூரையும் கல்லே. கற்பலகைகள் இறவாரத்தில் பெரியனவாகவும், முகட்டை நோக்கி ஏறஏறச் சிறியனவாகவும் அடுக்கப்பெற்றுள்ளன.

1871-இல் கவிஞர் வில்லியம் மாரிஸ், ஓவியரும் கவிஞருமான ரோசெட்டியுடன் சேர்ந்து இம்மனையைக் குத்தகைக்கு எடுத்தார். ரோசெட்டி 1874-இல் நீங்கினார். மாரிஸோ 1896-இல் மறையும்வரை இதன் குத்தகைதாரராகவே இருந்தார். உரிமையாளராகவில்லை, ஆயினும் மனை அவர் படைப்பெங்கும் நிறைந்தது. இத்தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரிப் பழம் திருடிய பறவைகள் 1883-இல் அவரது புகழ்பெற்ற துணிக்கோலமாயின. கட்டிலே பேசுவதாக அவர் பாடிய பாடல், மகள் மே மாரிஸின் கைவண்ணத்தால் கட்டில் திரையில் பூத்தையலாயிற்று. 1890-இல் வெளிவந்த அவரது கனவுலகப் புதினத்தின் படகுப் பயணம் இத்தகைய மனையை வந்தடைகிறது. 1891-இல் தொடங்கிய அச்சகமும் இவ்வூர்ப் பெயரையே தாங்கியது.

அந்நாளில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்போர், தேய்ந்த கல்லைச் சுரண்டியும் பிற்காலப் பகுதிகளை இடித்தும், இல்லாத பழமையைப் புதிதாகப் படைத்தனர். இதனை எதிர்த்து மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினார். ஒழுகலை உடனே அடைத்தல், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுத்தல் போன்ற அன்றாடப் பேணலே கடமை; காலம் எழுதியதை அழித்தெழுதுதல் கடமையன்று என்பது அவர் கொள்கை. சிதைந்த ஏட்டின் விடுபட்ட அடிகளைத் தாமே பாடி நிரப்புபவர் பதிப்பாசிரியர் ஆகார் என்பதனோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

இக்கொள்கைக்கு இம்மனையே சோதனையாயிற்று. மாரிஸின் துணைவியார் ஜேன் 1913-இல் இதனை விலைக்கு வாங்கினார். 1938-இல் மறைந்த மே, மனை மாறாதிருத்தல் வேண்டும் என்னும் கருத்துடன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு எழுதிவைத்தார். 1962-இல் இலண்டன் தொல்பொருள் அறிஞர் கழகத்தின் கைக்கு வந்தபோது அது பெரிதும் பழுதுற்றிருந்தது. அக்கழகம் விரிவான செப்பனிடலை மேற்கொண்டே அதனைக் காக்க வேண்டியிருந்தது. மாற்றாதிருத்தல் வேறு, கவனியாதிருத்தல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது.

மாரிஸ் அவ்வூர்த் தேவாலய வளாகத்திலேயே துயில்கிறார். நண்பர் ஃபிலிப் வெப் வடிவமைத்த கல்லறைக்கல் வீட்டுக்கூரை வடிவினது. மரபைப் போற்றுவோர் அதன்மேல் தம் பெயரைப் பொறிக்க வேண்டுவதில்லை. அதன் கூரை ஒழுகாமல் காத்தால் போதும்.