நூலகப் பட்டியலும் நிலைபேற்று முகவரியும்

கொழும்பிற் பிறந்து, 1917 முதற் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் நூல்களைத் தேடுவோன் முதற்கண் இடர்ப்படுவது அவர் பெயரிலேயே. தமிழில் ஒருவாறும், சிங்களத்தில் வேறொருவாறும், ஆங்கிலத்தில் முழுப்பெயராகவும் முதலெழுத்துக்களாகவும் அது வழங்கும். மனிதர் ஒருவரே, பட்டியல்களிலோ பலர்.

இவ்விடர் புதியதன்று. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் அந்தோனியோ பனிற்சி வகுத்து 1841இல் வெளிவந்த 91 விதிகள், ஆசிரியர் பெயரை ஒரே வடிவிற் பதியும் நெறியை நாடின. 1895இற் பிரசெல்சு நகரிற் போல் ஒற்லேயும் ஹென்றி லா பொந்தேனும் தொடங்கிய உலக நூற்பட்டியல் ஒரு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளாக வளர்ந்தது. ஆயினும் அட்டையிருந்த இடத்திற்கு ஆள் செல்லவேண்டும்; அன்றேற் கடிதம் விடுத்துக் காத்திருக்கவேண்டும்.

இணையம் தோன்றியபின் அத்தொலைவு அகன்றது. வேறொரு குறை புகுந்தது. இணைய முகவரி கோப்புள்ள இடத்தைச் சுட்டிற்றேயன்றிப் பொருளைச் சுட்டவில்லை. கோப்பு இடம்பெயர்ந்ததும் முகவரி பாழாயிற்று. இதற்குப் பரிகாரமாக, ஒகாயோ மாநிலத்து ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டமைப்பு 1995இற் 'பேர்ள்' என்னும் இடைநிலை முகவரியை அமைத்தது. மாறாத அம்முகவரியை நாடுவோன், பொருள் அவ்வேளை உள்ள இடத்திற்கு ஆற்றுப்படுத்தப்படுவான். 2001இல் 'ஆர்க்' என்னும் முறையை முன்வைத்தோருள் ஒருவரான ஜோன் குன்ஸ் இன்னும் ஆழ்ந்து நோக்கினார். நிலைபேறு முகவரியின் எழுத்துக்கோவையில் இல்லை, அதனைப் பேணும் நிறுவனத்தின் தொண்டிலேயே உளது என்பது அவர் துணிபு. இத்துறையில் இதனினும் பயனுடைய கருத்து எழுந்ததில்லை எனலாம். பிரெஞ்சுத் தேசிய நூலகமும் ஆர்க் முறையை மேற்கொண்டது. பேர்ள் முகவரிகளோ 2016இல் இன்ரர்நெற் ஆர்க்கைவ் என்னும் நிறுவனத்திடம் கைமாறின. அவை பிழைத்தது பொறியின் வலிமையாலன்று. பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தமையால்.

பெயரிடருக்கும் எண்ணே மருந்தாயிற்று. ஐக்கிய அமெரிக்கக் கொங்கிரசு நூலகமும் ஜேர்மன் தேசிய நூலகமும் ஓ.சி.எல்.சி.யும் 2003இல் உடன்பட்டு முன்னெடுத்த 'வையாவ்' அட்டவணை, எந்நாட்டு வடிவையும் பிழையென விலக்காது, அனைத்தையும் ஓரெண்ணின்கீழ்த் திரட்டிற்று. பனிற்சி ஒரு வடிவைத் தெரிந்தார். இதுவோ தெரியவேண்டிய தேவையையே நீக்கிற்று. எனினும் பொருத்திப் பார்ப்பது கணினியாதலின், ஒரே பெயருடைய இருவர் ஒருவராகிவிடுதலும் உண்டு.

பேணுவோன் ஒருவனேயாயின் அவன் தளரும்போது யாவும் தளரும். ஆதலின் தரவைத் திறந்துவிடுதல் வெறும் தாராளமன்று. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017இல் ஏறக்குறைய 3,75,000 படங்களை உரிமை துறந்து வெளியிட்டது. அவற்றை எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். 2023 ஒக்ரோபரிற் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்குண்டன. அதன் முதன்மைப் பட்டியல் 2024 ஜனவரி 15இலேயே, அதுவும் பார்வைக்கு மட்டுமாக, இணையத்தில் மீண்டது. அதுவரை நூல்கள் தட்டுகளில் இருந்தவாறே இருந்தன. வழிகாட்டும் பட்டியலே மறைந்திருந்தது.