இரு ஆட்டம், இரு தலைமை: சுனி கோஸ்வாமி

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்தில் மலாயா வெண்கலம் வென்றதை நம் மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே போட்டியில் தங்கம் வென்றது இந்தியா. அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. பத்து ஆண்டுகளுக்குள் அவரே வங்காளக் கிரிக்கெட் அணிக்கும் தலைமையேற்று, ரஞ்சி கிண்ண இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார்.

தொடக்கம்

1938 ஜனவரி 15ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள கிஷோர்கஞ்சில் பிறந்தார். சிறுவயதிலேயே கொல்கத்தாவின் மோகன் பகான் இளையோர் அணியில் சேர்ந்தார். 1954இல் முதன்மை அணிக்கு உயர்ந்து, 1968 வரை வேறு கிளப்பின் சட்டையை அணியவில்லை.

காற்பந்து

1956இல் இந்திய அணிக்குள் வந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடினார். ஜகார்த்தாவில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோற்றது. பயிற்றுநர் சையது அப்துல் ரகீம் அணியைத் தேற்றி நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் 3-2 என வென்றபோது கோஸ்வாமி இரு கோல்கள் அடித்தார். செப்டம்பர் 4 இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என வீழ்த்தினார்கள். அன்று கோல் காவலராக நின்றவர், சென்னை ரெஜிமெண்ட் மைய அணியில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ்.

1964 ஆசியக் கிண்ணத்தில் இவர் தலைமையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அவ்வாண்டே, 27 வயதாகும் முன்பே, அனைத்துலகக் காற்பந்திலிருந்து விலகினார்.

கிரிக்கெட்

1962-63இல் வங்காளத்துக்காக ரஞ்சியில் இறங்கினார். வலக்கை மட்டையாளர்; மிதவேகப் பந்துவீச்சாளர். 1966இல் இந்தோரில் மத்திய, கிழக்கு மண்டலக் கூட்டணி மேற்கிந்தியத் தீவுகளை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்தியது. அதில் இவர் எடுத்தது 8 விக்கெட்டுகள்.

1968-69 ரஞ்சி இறுதியில் 96, 84 ஓட்டங்கள் குவித்தும் கிண்ணம் பம்பாய்க்கே போனது. 1971-72இல் தலைவராக மீண்டும் இறுதிக்கு வந்தார். மீண்டும் பம்பாயே வென்றது. மொத்தம் 46 முதல்தர ஆட்டங்களில் 1,592 ஓட்டங்கள், ஒரு சதம், 47 விக்கெட்டுகள். இந்திய டெஸ்ட் அணியில் மட்டும் இடம் கிடைக்கவில்லை.

இரண்டும் எப்படி முடிந்தது?

கொல்கத்தாவில் காற்பந்து லீக் மழைக்காலத்தில் நடக்கும்; கிரிக்கெட் குளிர்காலத்துக்கு உரியது. ஒன்று முடிய மற்றொன்று தொடங்கும். காற்பந்தில் பழகிய ஓட்டமும் மூச்சும் கிரிக்கெட் திடலிலும் கைகொடுத்தன.

நம் நாட்டில் அப்படிப் பருவம் பிரித்துக் கொடுப்பதில்லை. ஜாசின் வட்டாரத் தோட்டத்திலோ பட்டணத்திலோ ஒரு பிள்ளை இரண்டு ஆட்டத்தையும் விரும்பினால், அந்தப் பிரிவைப் பெற்றோரும் பயிற்றுநரும்தான் பேசி வகுத்துத் தரவேண்டும். ஒன்றை விட்டுவிடு என்று பத்து வயதிலேயே சொல்லிவிடுவது எளிது. சுனியிடம் அப்படிச் சொல்லியிருந்தால், இரு அணிகளில் ஒன்று தன் தலைவரை இழந்திருக்கும்.

விருதுகள்

1963இல் அர்ஜுனா விருது, 1983இல் பத்மஸ்ரீ. 2020 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை இவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் கொல்கத்தாவில் தமது 82ஆம் வயதில் காலமானார்.