சேப்பாக்கம் எழுந்து நின்றபோது...

“நீங்க எந்தப் பக்கம் பாய்?”

கேள்வி சின்னதுதான். ஆனால், கேட்கப்பட்ட நாளையும் இடத்தையும் சொன்னால் அதன் கனம் உங்களுக்குப் புரியும்.

நாள்: 1999, ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. இடம்: இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் பெரியபட்டினம். ஒரு டீக்கடை. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து லீவில் வந்தவர்கள், கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் என்று கடை வாசலில் கூட்டம் நெரிகிறது. டி.வி-யில் சென்னை சேப்பாக்கம். இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட், நான்காவது நாள்.

கேட்டவர் சரக்கு கொடுக்க வந்த வெளியூர் ஆள். விஷமமாகக் கேட்டாரா, வெள்ளந்தியாகக் கேட்டாரா... தெரியாது. கடை ஒரு விநாடி நிசப்தமானது. பெஞ்சு ஓரத்தில் இருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்: “நாங்க முகமது பக்கம் தம்பி!”

கேட்டவர் முகம் மாறுவதற்குள் பெரியவரே முடித்தார். “முகமது அசாருதீன்! இந்தியாவுக்கு அவருதானே கேப்டன்?”

கடை மொத்தமும் சிரித்தது. வெளியூர்க்காரரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கல்லூரி மாணவனாக உட்கார்ந்திருந்த என் நண்பர் இதைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். “எல்லாரும் சிரிச்சோம். ஆனா, முந்தின நாள் அஃப்ரிதி செஞ்சுரி அடிச்சப்போ நாங்க யாரும் கை தட்டலை. நல்லா ஆடினான்னு சொல்லக்கூட அக்கம்பக்கம் பார்த்துக்கிட்டோம். கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு அதைவிடக் கஷ்டம் ஏதாவது இருக்கா, சொல்லுங்க?”

அந்தக் கஷ்டத்தை அன்று மாலை சேப்பாக்கம் மைதானம் எப்படித் தீர்த்து வைத்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

* * *

கொஞ்சம் பின்னணி பார்த்துவிடுவோம்.

இந்தியாவும் பாகிஸ்தானும் அதற்கு முன் டெஸ்ட் ஆடியது 1989-ல், பாகிஸ்தானில். இந்திய மண்ணில் ஆடியது 1987-ல். அந்தத் தொடரில் முதல் நான்கு டெஸ்ட்டும் டிரா. ஐந்தாவது பெங்களூரில். கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 ரன் அடித்தும், 16 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. அதன் பிறகு பன்னிரண்டு வருஷ இடைவெளி!

நடுவில் என்னென்னவோ நடந்துவிட்டது. காஷ்மீர் எரிந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்டது. மும்பையில் கலவரம், குண்டுவெடிப்பு. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்தன. மே மாதம் இரண்டு நாடுகளும் மாறி மாறி அணுகுண்டுச் சோதனை நடத்தின. இத்தனைக்கும் பிறகு, ‘வாங்கய்யா, டெஸ்ட் ஆடலாம்’ என்று பாகிஸ்தானைக் கூப்பிட்டால் சும்மா விடுவார்களா?

விடவில்லை. தொடரையே நடத்தக் கூடாது என்றது சிவசேனா. ஜனவரி முதல் வாரம், டெல்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் ராத்திரியில் புகுந்த தொண்டர்கள் பிட்ச்சையே தோண்டிப் போட்டார்கள். மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகம் சூறையாடப்பட்டது. முதல் டெஸ்ட் டெல்லியில்தான் நடந்திருக்க வேண்டும். பிட்ச் நாசமானதால், சென்னை டெஸ்ட் முதலாவது ஆனது, டெல்லி இரண்டாவது ஆனது.

ஆக, நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அக்கினிப் பரீட்சை சேப்பாக்கத்தின் தலையில் வந்து விழுந்தது. ஜனவரி 28, வியாழக்கிழமை ஆட்டம் ஆரம்பம். எங்கே பார்த்தாலும் போலீஸ்.

* * *

ஆட்டம் எப்படி? இன்றைக்கு ஸ்கோர் கார்டை எடுத்துப் பார்த்தாலும் மூச்சு முட்டும்.

பாகிஸ்தான் முதலில் 238. கும்ப்ளேவுக்கு ஆறு விக்கெட். பதிலுக்கு இந்தியா 254. நம்ம சென்னைப் பையன் சடகோபன் ரமேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட். வாசிம், வக்கார் இரண்டு பேரையும் சமாளித்து 43 அடித்தார். சச்சின்? பூஜ்யம்! சக்லைன் முஷ்டாக்கின் சுழலில் வந்த வேகத்தில் திரும்பினார்.

இரண்டாவது இன்னிங்ஸில் அஃப்ரிதி 141. டெஸ்ட்டில் அவருக்கு அதுதான் முதல் சதம். நான்கு விக்கெட்டுக்கு 275 என்று பாகிஸ்தான் அசைக்க முடியாமல் இருந்தது. அப்போது வந்தார் வெங்கடேஷ் பிரசாத். மளமளவென்று ஆறு விக்கெட்டுகள் 11 ரன்னுக்குள் சரிந்தன. பாகிஸ்தான் 286-ல் காலி. பிரசாத் 33 ரன் கொடுத்து ஆறு விக்கெட்!

இந்தியாவுக்கு இலக்கு 271. கைக்கெட்டும் தூரம்தான். ஆனால், ஆறு ரன்னுக்குள் இரண்டு விக்கெட். நான்காம் நாள் காலையில் டிராவிட், அசார், கங்குலி என்று வரிசையாக நடையைக் கட்ட, 82-க்கு ஐந்து. கங்குலி அவுட்டானது இன்னொரு கதை. பந்து தரையில் பட்ட பிறகுதான் கீப்பர் கைக்குப் போனது என்று அன்றைக்கே சண்டை. இப்போது கேட்டாலும் பெரியபட்டினத்தில் அது அவுட் இல்லை என்று சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது.

ஒரு பக்கம் விக்கெட் கீப்பர் மோங்கியா. மறுபக்கம் சச்சின், முதுகு வலியோடு. நிமிர்ந்தால் வலி, குனிந்தால் வலி. இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். மோங்கியா 52-ல் போனார். சச்சின் நின்றார். வலி ஏற ஏற, நின்று ஆட முடியாமல் அடித்து ஆட ஆரம்பித்தார். ஸ்கோர் 254. இன்னும் 17 ரன்தான். கையில் நான்கு விக்கெட்.

சக்லைன் பந்தைத் தூக்கினார் சச்சின். அது உள்ளே திரும்புகிற பந்து இல்லை. எதிர்ப்பக்கம் போகிற ‘தூஸ்ரா’. மட்டையின் விளிம்பில் பட்டு வானத்துக்கு ஏறியது. கீழே காத்திருந்தவர் வாசிம் அக்ரம். பிடித்துவிட்டார்.

சச்சின் 136. மீதி மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் உதிர்ந்தன. கடைசியாக ஸ்ரீநாத் தடுத்த பந்து உருண்டு போய் ஸ்டம்பில் பட்டது. 258. பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

* * *

டீக்கடையில் என்ன நடந்தது?

“சத்தியமா யாரும் மூச்சு விடலை. டி.வி-யை ஆஃப் பண்ணிடலாமான்னு கடைக்காரர் எந்திரிச்சுட்டாரு. அந்த வெளியூர்க்காரரு தலையில கை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாரு. எங்க பெரியவரு அவருக்கு இன்னொரு டீ சொன்னாரு. அப்பத்தான் டி.வி-யில அதைப் பார்த்தோம்...”

சேப்பாக்கத்திலும் முதலில் மயான அமைதிதான். அத்தனை ஜனமும் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தின் நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் கிளம்பியது. பக்கத்து ஸ்டாண்டுக்குப் பரவியது. கொஞ்ச நேரத்தில் மைதானமே எழுந்து நின்று தட்டியது. வாசிம் அக்ரம் தன் அணியைத் திரட்டிக்கொண்டு எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு சுற்று வலம் வந்தார். எந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று பிட்ச்சைத் தோண்டினார்களோ, அந்த நாட்டின் மைதானம் ஒன்றில், ஜெயித்த பாகிஸ்தானுக்கு நின்றபடி மரியாதை! அக்ரம் பிற்பாடு எத்தனையோ பேட்டிகளில் அந்த மாலையை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

சச்சின்? உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தார். ஆட்ட நாயகன் விருதை வாங்கக்கூட அவர் வெளியே வரவில்லை.

சேப்பாக்கத்துக்கு மட்டும் இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? அது அனுபவம் நிறைந்த மைதானம். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி 1952-ல் அங்கேதான், இங்கிலாந்துக்கு எதிராக. 1986-ல் ஆஸ்திரேலியாவுடன் ‘டை’ ஆனதும் அங்கேதான். 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர், இந்தியப் பந்துவீச்சைக் கிழித்து, ஒருநாள் போட்டியின் அன்றைய உலக சாதனையாக 194 ரன் அடித்ததும் அங்கேதான். அப்போதும் சென்னை கைதட்டத்தான் செய்தது. வெற்றி, தோல்வி, ரெண்டுங்கெட்டான் எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கூட்டம். நல்ல ஆட்டம் எது என்று அதற்குத் தெரியும்.

“சேப்பாக்கத்துல எந்திரிச்சு நின்னதைப் பார்த்ததும் எங்க கடையிலயும் ஒருத்தர் ரெண்டு பேரு கை தட்ட ஆரம்பிச்சாங்க” என்றார் நண்பர். “முதல்ல தட்டினது யார் தெரியுமா? அந்த வெளியூர்க்காரரு! அப்புறம் நாங்க எல்லாரும். மூணு நாளா நெஞ்சுக்குள்ள இருந்த அடைப்பு விட்ட மாதிரி இருந்துச்சு. ‘அஃப்ரிதி என்னா அடி அடிச்சான்டா மாப்ளே!’னு அதுக்கப்புறம்தான் வாய் விட்டுச் சொன்னேன்.”

* * *

தொடர் அதோடு முடியவில்லை. டெல்லியில் இரண்டாவது டெஸ்ட். பிப்ரவரி 7. பாகிஸ்தானுக்கு 420 இலக்கு. விக்கெட் இழக்காமல் 101 வரை வந்துவிட்டார்கள். அப்புறம் அனில் கும்ப்ளே ஒருவரே பத்து விக்கெட்டும்! 74 ரன்னுக்குப் பத்து. 1956-ல் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர் செய்ததற்குப் பிறகு டெஸ்ட்டில் அதுவே இரண்டாவது முறை. ஒன்பது விழுந்த பிறகு பத்தாவதும் கும்ப்ளேவுக்கே கிடைக்கட்டும் என்று ஸ்ரீநாத் ஸ்டம்புக்கு வெளியே வெளியே போட்டார். இந்தியா 212 ரன்னில் ஜெயித்தது. தொடர் 1-1.

அடுத்து, ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப்புக்காக அதே இரண்டு அணிகள் கொல்கத்தாவில். ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் இடித்து சச்சின் ரன் அவுட் ஆக, ஈடன் கார்டனில் ரகளை. கடைசி நாள் கூட்டத்தையே வெளியேற்றிவிட்டு, காலி இருக்கைகளுக்கு நடுவே ஆட்டத்தை முடித்தார்கள். பாகிஸ்தான் ஜெயித்தது, பார்க்கத்தான் ஆளில்லை. அதே பிப்ரவரி 20-ம் தேதிதான் பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் வாகா எல்லையைத் தாண்டி லாகூர் போனார். மூன்று மாதத்தில் கார்கில் யுத்தம்.

மறுபடி டெஸ்ட் ஆட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முல்தானில் சேவாக் 309 அடித்த தொடர் அது. கடைசியாக 2007 டிசம்பரில் பெங்களூரு. அதற்குப் பிறகு இன்று வரை இரண்டு நாடுகளும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1987-க்கும் 1999-க்கும் நடுவே விழுந்ததைவிடப் பெரிய இடைவெளி! இன்றைய கல்லூரிப் பையனுக்கு இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் என்பது தாத்தா சொல்லும் கதை மாதிரி.

* * *

நண்பரோடு பெரியபட்டினம் போயிருந்தேன். மேலுக்குச் சாதாரணக் கடலோர ஊர். மண்ணுக்குள் வேறு ஒரு ஊர் இருக்கிறது. பதிமூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் இங்கே ஏராளமாகக் கிடைத்தன. 1340-களில் இப்னு பதூதா வந்த ‘ஃபத்தன்’ துறைமுகம் இதுதான் என்று ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா வாதிட்டார்.

பக்கத்துத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் பதிமூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த பிழார் பள்ளி என்ற பள்ளிவாசலுக்கு வரியில்லா நிலம் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. அந்தப் பட்டினம் பெரியபட்டினமே என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலத்தின் பத்திரம் பெருமாள் கோயிலில்! அன்றைக்கு ‘எந்தப் பக்கம்’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். இப்போது எல்லார் கையிலும் செல்போன். நான்தான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். பதினேழு ரன்தான் வேணும், நாலு விக்கெட் கையில... சச்சின் அந்த ஷாட்டை ஆடியிருக்கலாமா?

அவ்வளவுதான். கடை இரண்டாகப் பிளந்தது.

“முதுகு வலிய வெச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் நிப்பாரு? சீக்கிரம் முடிக்கத்தான் பார்த்தாரு” என்றார் ஒருவர்.

“அதெல்லாம் சும்மா மாமா. தட்டித் தட்டி ஓடியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்!” என்றார் நெற்றியில் திருநீறு வைத்திருந்த மீன் வியாபாரி.

“சச்சினைச் சொல்லாதே. அதுக்கப்புறம் மூணு பேரு நாலு ரன்னுல போனானுங்களே, அதைச் சொல்லு!”

“நீங்க என்ன வேணா சொல்லுங்க காக்கா, அது சக்லைன் போட்ட பந்து. யாரா இருந்தாலும் அவுட்டுதான்” என்றான் ஒரு பையன். அந்த மேட்ச் நடந்தபோது அவன் பிறந்திருக்கக்கூட மாட்டான்.

சக்லைன் பெயரைச் சத்தமாகத்தான் சொன்னான். அக்கம்பக்கம் பார்க்கவில்லை. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நண்பர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்னொரு டீ வந்தது. வாதம் முடியவில்லை.