கே-2 சிகரமும் சுமையாளர் வரலாறும்

மலையேற்ற வரலாறுகள் பெரும்பாலும் உச்சியை அடைந்தோரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. அப்பட்டியலுக்குப் புறம்பே நின்ற உழைப்பையும் கணக்கிலெடுப்பின் அவ்வரலாறு என்ன வடிவம் பெறும் என்பதைக் கரகோரம் மலைத்தொடரின் கே-2 சிகரத்தைக் கொண்டு நோக்க விழைகின்றோம்.

8611 மீற்றர் உயரமுடைய இச்சிகரம் உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகும். பாக்கிஸ்தானின் ஆளுகையிலுள்ள பல்திஸ்தானும் சீனாவின் சிங்கியாங்கும் சந்திக்கும் எல்லையில் அது நிற்கின்றது. தென்புறமாக அணுகுவோர் அஸ்கோலே என்னும் கடைசிக் கிராமத்தைக் கடந்து, 60 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பல்டோரோ பனிக்கட்டியாற்றின் வழியே பல நாட்கள் நடத்தல் வேண்டும். 1856இல் பிரித்தானிய இந்திய நில அளவையாளரான மொன்ற்கொமரி, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் நின்று தாம் கண்ட இரு சிகரங்களைக் கே-1, கே-2 எனக் குறித்தார். கே-1 பின்னர் அதன் உள்ளூர்ப் பெயரான மஷர்புரும் என்பதை ஏற்றது. அஸ்கோலேயிலிருந்துகூடத் தென்படாத கே-2க்கோ அளவைக்குறியே பெயராயிற்று.

1902இலும் 1909இலும் ஐரோப்பியக் குழுக்கள் முயன்று திரும்பின. 1939ஆம் ஆண்டின் அமெரிக்கக் குழு வேறு வகையில் கருதத்தக்கது. தலைவர் வீஸ்னரும் பசாங் தாவா லாமா என்னும் ஷெர்ப்பாவும் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே வரை சென்று மீண்டனர். மேல் முகாமொன்றில் விடப்பட்ட டட்லி வூல்ஃப் என்பவரை மீட்கச் சென்ற பசாங் கிக்குலி, பசாங் கிட்டார், பின்சூ ஆகிய மூன்று ஷெர்ப்பாக்களும் திரும்பவில்லை. குழுத் தலைவரின் முடிவுகள் பற்றிய விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. அம்மூவரும் அவ்விவாதத்தில் ஓரத்துக் குறிப்பாகவே எஞ்சினர்.

1954 யூலை 31இல் இத்தாலியரான கொம்பக்னோனியும் லசடெல்லியும் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். அவர்கள் பயன்படுத்திய ஒட்சிசன் உருளைகளை முந்திய நாள் மேலே சுமந்து சென்றோர் வால்டர் பொனாற்றியும் ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியுமாவர். இறுதி முகாம் உடன்பட்ட இடத்தைவிட உயரத்தில் அமைக்கப்பட்டிருந்தமையால் இருவரும் அதனை அடைய இயலாது, ஏறத்தாழ 8100 மீற்றர் உயரத்தில் கூடாரமோ துயிற்பையோ இன்றி இரவைக் கழித்தனர். மஹ்தியின் கால்விரல்கள் உறைபனியால் கருகி, பின்னர் அகற்றப்பட்டன. முந்திய ஆண்டு நங்க பர்பத்தில் உச்சியேறிய ஹேர்மன் பூல் என்பவரைக் கீழே சுமந்து வந்தவரும் இதே மஹ்திதான் என்பதை எத்தனை நூல்கள் சொல்கின்றன? தம்மீதான பழியை எதிர்த்துப் பொனாற்றி நீதிமன்றம் சென்று வென்றார். அரை நூற்றாண்டுக்குப் பின் இத்தாலிய மலையேற்றக் கழகமும் அவரது கூற்றை ஏற்றது. பொனாற்றிக்கு எழுத்தும் நீதிமன்றமும் இருந்தன. மஹ்தி 1999இலேயே மறைந்துவிட்டார்.

2021 யனவரி 16இல் குளிர்காலத்தில் முதன்முறையாக உச்சி எட்டப்பட்டது. ஏறிய பதின்மரும் நேபாளத்தவர். அவர்களுள் ஒன்பதின்மர் ஷெர்ப்பாக்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவருக்கொருவர் காத்திருந்து அவர்கள் ஒன்றாகவே மேலேறினர். ஆயினும் 2023 யூலையில், அதே சிகரத்தின் ஒடுங்கிய பாதையொன்றில் விழுந்து உயிருக்குப் போராடிய பாக்கிஸ்தானியச் சுமையாளர் ஒருவரைக் கடந்து பலர் உச்சிக்குச் சென்றனர். அவர் அங்கேயே இறந்தார்.