கோப்பிலிருந்து கெர்னலுக்கு: லினக்ஸில் வெளித்திரையின் வரலாறு

லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியுடன் வெளி மானிட்டரையோ புரொஜெக்டரையோ இணைக்கும்போது திரை கறுத்துப்போனால், பழகியவர்கள் சொல்லும் பரிகாரங்கள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும்: அமைவுக் கோப்பு ஒன்றில் மானிட்டரின் அளவுகளை எழுதுவது, எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையைத் தட்டுவது, கணினி தொடங்கும்போதே நோமோட்செட் என்னும் சொல்லைக் கெர்னலுக்குக் கொடுப்பது. ஒரே நோய்க்கு மூன்று மருந்துகள் போல இவை அடுத்தடுத்து முயன்று பார்க்கப்பட்டாலும், ஒவ்வொன்றும் தனித்தனிக் காலத்தில் பிறந்தது; முதலாவது 1990களின் பழக்கம், இரண்டாவது 2007இல் வந்த மாற்றத்தின் விளைவு, மூன்றாவது 2009இல் கெர்னலுக்குள் வந்த மாற்றத்தால் பொருள்பெற்ற சொல். மானிட்டர் எத்தனை புள்ளிகளை எந்த வேகத்தில் காட்டவல்லது என்ற செய்தி யார் பொறுப்பில் இருந்தது என்பதைப் பின்தொடர்ந்தால் இந்த மூன்றும் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன என்பது விளங்கும். அந்தச் செய்தி முதலில் பயனர் கைப்பட எழுதிய கோப்பில் இருந்தது, பிறகு வரைகலையைக் கவனிக்கும் நிரலுக்குப் போனது, கடைசியில் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் குடிபுகுந்தது.

எக்ஸ் சாளர முறைமை, அதாவது திரையில் சாளரங்களை வரைந்து விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் அசைவுகளை நிரல்களுக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்பு, 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பாப் ஷெய்ஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டு, 1987இல் எக்ஸ்11 என்னும் வடிவத்தை அடைந்தது. அது முதலில் ஓடிய பணிநிலையக் கணினிகளைத் தயாரித்தவர்களே மானிட்டரையும் சேர்த்து விற்றதால், எந்த மானிட்டர் மாட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அங்கே பெரிதாக எழவில்லை. எவர் செய்த கிராஃபிக்ஸ் கார்டையும் எவர் செய்த மானிட்டரோடும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் தனிநபர் கணினியின் உலகத்துக்கு உரியது. அந்த உலகத்துக்கு எக்ஸைக் கொண்டுவந்தது தாமஸ் ரோல் எழுதிய எக்ஸ்386; அதிலிருந்து கிளைத்து 1992இல் தொடங்கிய தன்னார்வலர் திட்டமே எக்ஸ்ஃப்ரீ86. எக்ஸ்386 விலைக்கு விற்கப்படத் தொடங்கியபின் ‘த்ரீ’ இருந்த இடத்தில் ‘ஃப்ரீ’யை வைத்த சொல்விளையாட்டு இப்பெயர். 1991இல் பிறந்திருந்த லினக்ஸுக்குச் சாளரத் திரை என்ற ஒன்றைக் கொடுத்தது இந்தத் திட்டம்தான்.

எக்ஸ்ஃப்ரீ86இன் அமைவுக் கோப்பில் மோட்லைன் எனப்படும் ஒரு வரி இருக்கும். மானிட்டர் காட்டவேண்டிய ஒரு காட்சிமுறையை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையும் புதுப்பிக்கும் வேகமும் சேர்ந்த ஓர் அமைப்பை, அந்த ஒரே வரி எண்களால் சொல்லிவிடும். பழக்கமான 640க்கு 480 என்ற காட்சிமுறையை எடுத்துக்கொண்டால், அதன் வரி 25.175 என்று தொடங்கும். நொடிக்கு 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம் புள்ளிகள் என்ற கடிகார வேகம் அது. அடுத்து 640, 656, 752, 800 என்ற நான்கு எண்களும், அவற்றின்பின் 480, 490, 492, 525 என்ற நான்கு எண்களும் வரும். ஒரு கிடைவரியில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள் 640 மட்டுமே என்றாலும், அந்த வரிக்கு ஒதுக்கப்படும் நேரம் 800 புள்ளிகளுக்கானது. படக்குழாயின் எலக்ட்ரான் கற்றை வலது ஓரத்தில் அணைந்து, இடது ஓரத்துக்குத் திரும்பி அடுத்த வரியைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் அவகாசமே மிச்சமுள்ள 160. அதேபோல் 480 வரிகளை வரைந்தபின் கற்றை கீழிருந்து மேலே ஏறுவதற்கு 45 வரிகளின் நேரம் விடப்பட்டது. கடிகார வேகத்தை 800ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 31,469 கிடைவரிகள் என்றும், அதை 525ஆல் வகுத்தால் நொடிக்கு 59.94 முழுப்படங்கள் என்றும் விடை கிடைக்கும். இந்தக் கணக்கைப் பயனரே தாளும் பென்சிலுமாகப் போட்டு, மானிட்டரின் கையேட்டில் அச்சிடப்பட்டிருந்த எல்லைகளுக்குள் விடை அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லையைத் தாண்டிய எண்கள் பழைய மானிட்டர்களின் மின்சுற்றைக் கெடுத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை வெறும் மிரட்டல் அன்று. எரிக் ரேமண்ட் எழுதிய காட்சி நேரக்கணக்குக் கையேட்டிலும் அது இடம்பெற்றிருந்தது. ஒரு கோப்பில் எழுத்துப் பிழை நேர்ந்தால் பொருளே பழுதாகும் என்ற நிலை கணினித் துறையில் அரிது.

இச்சுமையைக் குறைக்கும் வழி மானிட்டர் தயாரிப்பாளர்களின் பக்கமிருந்து வந்தது. காட்சி மின்னணுவியல் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994இல் வெளியிட்ட டிடிசி என்னும் தரம், மானிட்டரே தன்னைப் பற்றிய குறிப்பைக் கேபிள் வழியாகக் கணினிக்குச் சொல்ல வகைசெய்தது. ஈடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படை அளவு 128 பைட்டுகளே; தயாரிப்பாளரின் அடையாளம், திரையின் நீள அகலம், ஏற்கும் காட்சிமுறைகள் ஆகியவை அதற்குள் அடங்கிவிட்டன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்ஃப்ரீ86 4.0 இக்குறிப்பைப் படிக்கும் தொகுதியைக் கொண்டிருந்ததால், மோட்லைன் எழுதும் கலை மெல்ல வழக்கொழியத் தொடங்கியது. 2004இல் எழுந்த உரிமச் சிக்கலால் வளர்ப்பாளர்கள் பெரும்பாலோர் எக்ஸ்ஃப்ரீ86ஐ விட்டு எக்ஸ்.ஆர்க் என்ற புதிய குடையின்கீழ் திரண்டனர். அந்தப் பிளவு உரிமத்தைப் பற்றியதாகவே பேசப்பட்டாலும், மாற்றங்களை ஏற்கத் தயங்கிய பழைய நிர்வாகத்தின்மேல் இருந்த சலிப்பும் அதற்குச் சம காரணம் எனலாம்.

மானிட்டர் தன்னைத் தானே அறிவிப்பது மட்டும் மடிக்கணினிக்குப் போதவில்லை. மேசைக்கணினியின் மானிட்டர் காலையில் எங்கிருந்ததோ மாலையிலும் அங்கேயே இருக்கும். மடிக்கணினியோ வகுப்பறைக்குப் போய்ப் புரொஜெக்டரோடு சேரும், வீட்டுக்கு வந்து வேறொரு திரையோடு சேரும். எக்ஸ் சேவையகம், அதாவது திரையை ஆளும் அந்த மைய நிரல், தான் தொடங்கிய நொடியில் கண்ட திரைகளையே கடைசிவரை நம்பியிருந்தது. பல திரைகளை ஒன்றாகக் காட்டும் ஜினராமா என்ற நீட்சி இருந்தது. என்விடியா நிறுவனம் ட்வின்வியூ என்ற பெயரில் தனக்கென்று ஒரு வழியும் வைத்திருந்தது. அவை பெரும்பாலும் முன்கூட்டி எழுதப்பட்ட கோப்பைச் சார்ந்தவை என்பதால், புதிய திரையைச் செருகியபின் சேவையகத்தை நிறுத்தி மறுபடி தொடங்கவேண்டும். திறந்திருந்த சாளரங்கள் யாவும் அதோடு போய்விடும். ஜிம் கெட்டிஸும் கீத் பேக்கார்டும் வகுத்த ரேண்டர் என்னும் நீட்சி முதலில் திரையின் அளவை மாற்றவும் அதைச் சுழற்றவும் மட்டுமே உதவியது. 2007 ஏப்ரலில் எக்ஸ் சேவையகம் 1.3உடன் வந்த அதன் 1.2ஆம் பதிப்புதான் மடிக்கணினிக்காரர்களின் விடுதலை. கார்டின் ஒவ்வொரு வெளியீட்டுத் துளையும் தனிப்பெயர் பெற்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையும் இயக்கலாம், அணைக்கலாம், ஒன்றின் வலப்புறம் இன்னொன்றை வைக்கலாம் என்ற நிலை உருவானது. எக்ஸ்ரேண்டர் கட்டளை இன்றுள்ள பொருளைப் பெற்றது அப்போதுதான். என்விடியாவின் தனியுரிமை டிரைவர் இந்தப் பதிப்பை ஏற்க 2012 வரை ஆனது. ஒருவருக்குப் பலித்த கட்டளை மற்றவருக்குப் பலிக்காமல் போன குழப்பத்தில் பெரும்பங்கு அந்த ஐந்தாண்டு இடைவெளிக்கு உரியது.

ஆனாலும் ஓர் அடிப்படைக் கோளாறு எஞ்சியிருந்தது. டிரைவர் என்பது வன்பொருளோடு பேசும் நிரல். வலையமைப்புக் கார்டு, வட்டு முதலிய மற்றவற்றின் டிரைவர்கள் கெர்னலுக்குள் இருக்க, கிராஃபிக்ஸ் கார்டின் காட்சிமுறையை அமைக்கும் பகுதி மட்டும் எக்ஸ் சேவையகத்துக்குள் இருந்தது. எழுத்துத் திரைக்கு ஒரு நிரல், சாளரத் திரைக்கு வேறொரு நிரல் என்று ஒரே கார்டுக்கு இரண்டு எசமானர்கள் இருந்ததால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது திரை சிமிட்டியது. மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தால் சில சமயம் கறுப்பே மிஞ்சியது. கெர்னல் நிலைகுலைந்தால் அதன் கடைசிச் செய்தியைக் காட்டக்கூட வழியில்லாமல் போனது. ஜெஸ்ஸி பார்ன்ஸ், டேவ் ஏர்லி முதலிய வளர்ப்பாளர்கள் காட்சிமுறையை அமைக்கும் பொறுப்பைக் கெர்னலுக்கு மாற்றினர். கெர்னல் மோட் செட்டிங் எனப்படும் இந்த ஏற்பாடு 2009 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 2.6.29இல் இன்டெல் சிப்புகளுக்காக முதலில் சேர்ந்தது, ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளுக்கு அதே ஆண்டிலேயே தொடர்ந்தது. இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்வதே நோமோட்செட். ஆகவே அது திரையைச் சரிசெய்யும் மந்திரம் அன்று. உரிய டிரைவரை ஒதுக்கிவைத்து, அடிப்படைக் காட்சியோடு கணினியை எழுப்பி, உள்ளே சென்று பழுதைப் பார்க்க உதவும் பின்வாசல் மட்டுமே. அதை நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு வெளி மானிட்டர் வரவில்லையே என்று தேடுபவர், மானிட்டரைக் கண்டறியும் நிரலையே தூங்கவைத்தவர் ஆகிறார்.

அந்த டிரைவர்களை எழுதியது யார் என்பதும் இக்கதையில் பங்குடையது. இன்டெல் தன் ஊழியர்களைக் கொண்டே திறந்தமூல டிரைவரை எழுதியது. ஏடிஐ நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏஎம்டி, அடுத்த ஆண்டு சிப்புகளின் ஆவணங்களை வெளியிட முன்வந்தது. என்விடியா இரண்டையும் செய்யாததால், அதன் சிப்புகளின் நடத்தையை வெளியிலிருந்து உற்றுநோக்கி ஊகித்தறியும் வேலையில் தன்னார்வலர்கள் இறங்கினர். நூவோ என்ற அந்த டிரைவர் 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33இல் கெர்னலோடு சேர்ந்தது.

அதே மாதத்தில் என்விடியா அறிவித்த ஆப்டிமஸ் என்னும் தொழில்நுட்பம் மடிக்கணினியின் வெளித்திரைச் சிக்கலை முற்றிலும் புதிய வடிவத்துக்குக் கொண்டுபோனது. மின்கலம் நீடிக்கவேண்டும் என்பதற்காக, ஒரே மடிக்கணினியில் சிக்கனமான இன்டெல் சிப்பும் வலிமையான என்விடியா சிப்பும் இருக்கும். சொந்தத் திரையின் கம்பிகள் இன்டெல்லோடு மட்டும் இணைந்திருக்கும். கனமான வேலையை என்விடியா வரைந்து, படத்தை இன்டெல்லின் நினைவகத்துக்கு நகலெடுத்துக் கொடுக்கும். பல மாதிரிகளில் எச்டிஎம்ஐ துளை மட்டும் என்விடியாவோடு இணைக்கப்பட்டிருந்தது. உறங்கிக்கொண்டிருக்கும் சிப்போடு இணைந்த துளையில் கேபிளைச் செருகினால் ஒன்றும் நிகழாது என்பதை அறியாமல், கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்த்தவர்கள் ஏராளம். இந்த வயரிங் கணினியின் வெளித்தோற்றத்தில் எங்கும் தெரியாது. ஆகவே சிப்பின் பெயரைக் கேட்பதற்கு முன் துளை எந்தச் சிப்போடு இணைந்துள்ளது என்று கேட்கவேண்டிய அவசியம் முதன்முறையாக எழுந்தது. 2011இல் தோன்றிய பம்பிள்பீ என்னும் தன்னார்வத் திட்டம் என்விடியாவுக்கென்று கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது எக்ஸ் சேவையகத்தை ஓட்டிப் படத்தை நகலெடுத்தது. டேவ் ஏர்லி தம்முடைய தீர்வுக்குப் பிரைம் என்று பெயரிட்டார். ஆப்டிமஸ் பிரைம், பம்பிள்பீ இரண்டும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையின் இயந்திரப் பாத்திரங்கள் என்பதால், வளர்ப்பாளர்களின் குறும்பு இப்பெயர்களில் தங்கிவிட்டது.

இரண்டு சிப்புகள் ஒரு படத்தைப் பகிர்வதற்கு இரண்டுக்கும் பொதுவான நினைவக ஏற்பாடு தேவை. சுமித் செம்வால் முன்னின்று எழுதிய டிஎம்ஏ-பஃப் 2012இல் லினக்ஸ் 3.3உடன் வந்து அதைத் தந்தது. ஆயினும் மூலநிரலைத் திறந்துவைக்கக் கோரும் ஜிபிஎல் உரிமம் கொண்ட நிரல்களுக்கே அது திறக்கப்பட்டிருந்தது. தன் மூடிய டிரைவருக்கும் வழிவிடுமாறு என்விடியா கேட்டபோது, ஆலன் காக்ஸ் உள்ளிட்ட கெர்னல் வளர்ப்பாளர்கள் மறுத்தனர். அதே 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடையளிக்கையில் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிய நிகழ்ச்சி உலகெங்கும் பரவியது. அக்கேள்வியை எழுப்பியவர் ஆப்டிமஸ் மடிக்கணினி வைத்திருந்த ஒரு பார்வையாளர் என்பது அத்தனை பரவவில்லை. உரிமத்தின் தூய்மை, வணிக ரகசியம் என்ற இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவே சிக்கியது அவருடைய எச்டிஎம்ஐ துளை. 2013இல் என்விடியா தன் டிரைவரில் ஆப்டிமஸுக்கு ஓரளவு இடம்கொடுத்தது. கெர்னலில் ஏறும் பகுதியின் மூலநிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில்.

இதற்கிடையில், கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட், எக்ஸ் சேவையகத்தையே இடையிலிருந்து நீக்கி, சாளரங்களை ஒழுங்குபடுத்தும் நிரல் நேரே கெர்னலோடு பேசும்படி செய்தது. எக்ஸ்ரேண்டர் அங்கே திரைகளை மாற்ற வல்லதன்று. மேசைச்சூழலின் அமைவுப் பக்கமே அந்த வேலையைச் செய்கிறது. பழைய பரிகாரத்தை அங்கே முயன்று, கட்டளை பொய்த்தது என்று நொந்துகொள்வது காலத்தைத் தவறவிட்டதன் விளைவு.

பொறுப்பு கெர்னலுக்குப் போனதால் பயனரின் கைவேலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. இடையில் உள்ள மாற்றியோ நீண்ட கேபிளோ ஈடிஐடி குறிப்பை விழுங்கிவிட்டால், முழு எச்டி மானிட்டரும் 1024க்கு 768 என்ற மங்கலான காட்சியோடு நின்றுவிடும். அப்போது சரியான குறிப்பை ஒரு கோப்பாகச் சேமித்து, மானிட்டரிடம் கேளாமல் அந்தக் கோப்பையே நம்பும்படி கெர்னலுக்குத் தொடக்கத்தில் சொல்லும் வழி உண்டு. சிவிடி என்ற சிறு கருவி, வேண்டிய அளவையும் வேகத்தையும் கொடுத்தால், அப்படியே ஒரு மோட்லைனை அச்சிட்டுத் தரும். இன்றைய தட்டைத் திரைகளில் திரும்பிப் போகவேண்டிய எலக்ட்ரான் கற்றை எதுவும் இல்லை. ஆயினும் கெர்னலுக்கும் வெளி நிரல்களுக்கும் இடையே காட்சிமுறையைக் கொண்டுசெல்லும் தரவமைப்பில், கடிகார வேகத்தை அடுத்து, தெரியும் அகலம், ஒத்திசைவின் தொடக்கம், அதன் முடிவு, மொத்த அகலம் என்ற அதே நான்கு எண்கள் அதே வரிசையில்தான் நிற்கின்றன.